அக்கறையற்ற பெற்றோர் பட்டியல்

எங்கள் பள்ளியில் அவருக்குச் சுற்றறிக்கை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதை யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. ஆசிரியர்கள் நாங்கள் ‘சுற்றறிக்கை சார்’ என்போம். பிள்ளைகள் அந்த ‘சார்’ஐயும் விட்டுவிடுவார்கள். இதெல்லாம் அவர் காதில் விழாமல் இருந்திருக்குமா? விழுந்தது. அதை ஒரு பட்டம் என்று நினைத்துக்கொண்டார். அப்படிப்பட்ட ஆள்.

எட்டு வருடம் அவர் அறைக்கு எதிர் அறையில் உட்கார்ந்து கணக்குத் தாள் திருத்தியவள் நான். ஒரு வேலையை இத்தனை ஒழுங்காகப் பார்த்து, அந்த வேலை மட்டும் நடந்துவிடாமல் காத்துக்கொண்ட இன்னொரு மனிதரை நான் கண்டதில்லை.

எங்களுடையது ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. ஐந்தாம் வகுப்பு வரை அம்மாக்கள் வகுப்பு வாசல் வரைக்கும் வந்து, தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஆறாம் வகுப்பு வந்ததும் பிள்ளை, “கேட்டோட நின்னுக்கோம்மா” என்று சொல்லும். ஏழாம் வகுப்பில் தெருமுனையோடு சரி. எட்டாம் வகுப்பில், “நீ வராத, எல்லாரும் பாக்கறாங்க.” மீசை முளைக்கிற, கோபம் முளைக்கிற, பொய் முளைக்கிற அந்த மூன்று வருடத்தில்தான் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் இருந்த பேச்சு நின்றுபோகிறது. இது நிர்வாகத்துக்கே ஒருநாள் உறைத்து, ‘குடும்பத் தொடர்பு அலுவலர்’ என்று ஒரு பதவியை உண்டாக்கினார்கள். உண்டாக்கியவரை சரி. அந்த நாற்காலியில் யாரை உட்காரவைப்பது என்று வந்தபோது, வகுப்பறையில் வைத்திருக்க முடியாத ஒருவரைத் தேடினார்கள்.

அதற்கு முன்னால் அவர் சமூக அறிவியல் வாத்தியார். மணி அடித்ததும் கரும்பலகைப் பக்கம் திரும்புவார்; அடுத்த மணி வரைக்கும் எழுதுவார். ஒருநாள் எழுதி முடித்துத் திரும்பியபோது வகுப்பில் பாதிப் பேர் இல்லை. தரைத்தளம், கம்பி இல்லாத ஜன்னல். மிச்சமிருந்த பாதிப் பேரிடம், “எல்லாரும் எழுதிட்டீங்களா?” என்று கேட்டாராம். இப்படிப்பட்டவரைத்தான் நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களோடு உறவாடச் சொல்லி அனுப்பினார்கள்.

பதவிக்கு வந்த முதல் மாதம் ஓர் அம்மா அவரைப் பார்க்க வந்தார். துணித் தொழிற்சாலையின் நீல மேலங்கியைக்கூடக் கழற்றாமல், வேலைக்கு நடுவே அனுமதி கேட்டு ஓடிவந்திருந்தார். “சார், என் பையன் வீட்ல வாயே தொறக்க மாட்டேங்கறான். இங்கயாவது பேசறானா?” என்று கேட்டவர், கேட்டு முடிப்பதற்குள் அழுதுவிட்டார். நான் எதிர் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றறிக்கை சார் மேசைமேல் இருந்த மூன்று பேனாக்களையும் நீளவாரியாக அடுக்கினார். பிறகு குட்டையிலிருந்து நெட்டையாக மாற்றி அடுக்கினார். அப்புறம், “எதுவா இருந்தாலும் எழுத்து மூலமா குடுங்க” என்றார்.

அடுத்த நாள் அந்த அறையில் வந்தவர்கள் உட்காரும் நாற்காலி இல்லை. அது இருந்த இடத்தில் ஓர் இரும்பு அலமாரி நின்றது. மனிதருக்கு மனிதர்களைக் கண்டால் பயம், அவ்வளவுதான். இரக்கப்பட வேண்டிய இடம் என்று தெரிகிறது. எனக்கு வரவில்லை. பயந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் பயத்துக்கு முத்திரை குத்தி, எண் போட்டு, மற்றவர்கள் தலையில் கட்டுவதில்லை.

அன்றிலிருந்து சுற்றறிக்கைகள் கிளம்பின. வாரத்துக்கு மூன்று. பிரிண்டர் பாவம், காலையில் மூச்சுவிட ஆரம்பித்தால் மதியம்தான் ஓயும். “பார்வை இரண்டில் கண்ட முந்தைய சுற்றறிக்கையின் தொடர்ச்சியாக, பெற்றோர் அல்லது காப்பாளர் அவர்கள் தம் பிள்ளைகளின் கல்விசார் செயல்பாடுகளில் முனைப்புடன் பங்கேற்பதன் இன்றியமையாமையைக் கருத்தில் கொண்டு, எதிர்வரும் புதன்கிழமை முற்பகல் பதினொரு மணியளவில்...” என்று போகும். முற்றுப்புள்ளியைத் தேடிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குத்தான் போகவேண்டும். படித்த எனக்கே வியர்க்கும்.

புதன்கிழமை பதினொரு மணி. அந்த நேரத்தில் இந்த ஊரில் வீட்டில் இருப்பது கைக்குழந்தையும் பூனையும்தான். கூடத்தில் இருநூறு நாற்காலி போட்டிருக்கும். ஒருமுறை ஒன்பது பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தவர்கள். ஒருவர் மைக் செட்காரர். சுற்றறிக்கை சார் மேடையேறி, அந்த மிச்ச ஆறு பேரிடம், வராத நானூறு பேரின் பொறுப்பின்மையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்.

கூட்டம் முடிந்து வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏமாந்தவன் முகம் அல்ல, ஜெயித்தவன் முகம். “பாத்தீங்களா டீச்சர்? இவங்களுக்கெல்லாம் பிள்ளைங்க மேல அக்கறையே கிடையாது. நம்மதான் கெடந்து அடிச்சுக்கறோம்” என்பார்.

அவருடைய மிகப் பெரிய படைப்பு ஒன்று உண்டு. மூன்று முறை அழைத்தும் வராத பெற்றோரின் பெயர்களை எல்லாம் பச்சை அட்டையில் அகர வரிசைப்படி எழுதி, தன் அறைச் சுவரில் மாட்டியிருந்தார். தலைப்பு: அக்கறையற்ற பெற்றோர் பட்டியல். வகுப்புக்கு ஒரு மை. நான் சொல்லப்போகிற வருடம் அரையாண்டுத் தேர்வுக்குள் இருநூற்று எண்பத்தேழு பெயர் சேர்ந்துவிட்டது. பட்டியல் வளர வளர அவர் முதுகும் நிமிர்ந்தது.

இதே பள்ளியின் கேட்டைத் திறந்து மூடுகிற ஓர் அம்மா இருந்தார். எல்லாருக்கும் கேட் அக்கா. எந்தப் பிள்ளையின் அப்பா இரவு வேலைக்கு மாறியிருக்கிறார், எந்த வீட்டில் புதிதாகக் குழந்தை பிறந்திருக்கிறது, எந்தப் பெண் மூன்று நாளாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோகிறாள், எல்லாம் அவருக்குத் தெரியும். அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. நானும்தான் கேட்டதில்லை.

ஒரு மழைக்கால வெள்ளிக்கிழமை. ஏழாம் வகுப்பு ஆ பிரிவில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாடி. தாழ்வாரத்தில் தேங்கிய தண்ணீர் வாசல்படி தாண்டி உள்ளே வந்தது. முதல் பெஞ்சு பிள்ளைகள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். கடைசி பெஞ்சில் குதூகலம். பிளம்பரைக் கூப்பிட்டு அனுப்பினோம்.

பிளம்பர் எங்களுக்குப் பழக்கமானவர்தான். குழாய் ஒழுகினால், தொட்டி வழிந்தால் அவர்தான் வருவார். வாளியும் சுருட்டிய கம்பியுமாக வந்து, தாழ்வாரத்து ஓரத்தில் மழைத்தண்ணீர் இறங்குகிற குழாயின் வாயில் கம்பியை விட்டுக் கிண்டினார். ஏதோ மாட்டியது. இழுத்தார். சுருள் சுருளாகக் காகிதம் வந்தது.

இலை, குப்பை என்றுதான் நினைத்தோம். அவர் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஒரு வாளி. இன்னொரு வாளி. கைப்பிடிச் சுவரில் எடுத்துப் போட்ட ஒரு தாளைப் பார்த்தேன். மேலே எங்கள் பள்ளியின் முத்திரை ஊதா நிறத்தில் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. “பார்வை இரண்டில் கண்ட...”

வகுப்பை எட்டிப் பார்த்தேன். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் நல்ல பிள்ளைகள் ஆகிவிட்டார்கள்.

நம்பிக்கையாக எல்லாவற்றையும் பிள்ளைகள் கையில்தானே கொடுத்தனுப்பினார் அந்த மகா மேதை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அவன் குற்றப் பத்திரிகையைக் கொடுத்து அப்பாவிடம் காட்டு என்றால், அவன் என்ன பைத்தியமா? சுருட்டிக் குழாயில் விட்டிருக்கிறான். மேல்மாடியில் இருந்த இரண்டு வகுப்பும் மாதக்கணக்கில் விட்டிருக்கிறது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

திரும்பிப் பார்த்தபோது பிளம்பர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு ஒரு தாளை விரித்துப் பிடித்திருந்தார். முத்திரைதான் கரைந்திருந்தது, பேனாவால் எழுதிய பெயர் அப்படியே இருந்தது. அது அவர் மகளின் பெயர்.

“டீச்சர், இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்களேன். தமிழ்தான். ஆனா புரியல.”

வாங்கிப் படித்தேன். என் சிரிப்பு அந்த நிமிடமே செத்தது. பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் அவர் மகளுக்குக் கிட்டப்பார்வைக் குறைபாடு இருப்பது தெரியவந்திருப்பதாகவும், உரிய மருத்துவரை அணுகி ஆவன செய்யுமாறும் எழுதியிருந்தது.

“பாப்பாவுக்கு தூரத்துல இருக்கறது தெரியலையாம். கண்ணாடி போடணும்னு எழுதியிருக்கு” என்றேன்.

“எப்ப எழுதினது?”

தேதியைப் பார்த்தேன். “நாலு மாசம் ஆச்சு.”

வாளிக்குள் கைவிட்டுத் தேடினார். அதே பெயரில் இன்னும் இரண்டு கிடைத்தன. ஒன்று நினைவூட்டல். மற்றது, மூன்று முறை அறிவித்தும் செவிசாய்க்காத காரணத்தால் தங்கள் பெயர் மேற்படி பட்டியலில் சேர்க்கப்படுகிறது என்று சொல்லும் கடைசி அறிவிப்பு. அதை அவரே எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“அக்கறையற்ற பெற்றோர்னா யாரு டீச்சர்? நானா?”

வகுப்புக்குள் பார்த்தார். அவர் மகள் கடைசிக்கு முந்தின பெஞ்சில், டெஸ்க்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணின் தேர்ச்சி அட்டையில் மூன்று முறை ‘கவனக்குறைவு’ என்று எழுதியவள் நான். கரும்பலகையில் இருந்த எண்களைத் தப்புத் தப்பாக எழுதிக்கொண்டு வருவாள், திட்டியிருக்கிறேன். அவள் அப்பாவின் குழாய்ப் பையைத் தாண்டி எத்தனையோ தடவை நான் டீ குடிக்கப் போயிருக்கிறேன். இவர் மகள் இவள் என்று எனக்குத் தெரியாது. சுற்றறிக்கை சாரை இளக்காரமாகப் பார்க்கும் உரிமையில் பாதியை அன்றைக்கு அந்தத் தாழ்வாரத்திலேயே இழந்தேன். மீதிப் பாதியே தாராளமாகப் போதும்.

பிளம்பர் கையைத் துடைத்துக்கொண்டு மூன்று தாளையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன்.

சுற்றறிக்கை சார் நிமிர்ந்து பார்த்து, “குழாய் சரியாயிடுச்சா?” என்றார்.

“சார், இந்த லெட்டர் நீங்க அனுப்பினதா?”

ஈரத்தாளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். பதிவேட்டைத் திறந்து விரலை ஓட்டினார். “ஆமா. முறைப்படி அனுப்பியிருக்கு. மூணு தடவ. நீங்கதான் வரல.”

“நான் வரலையா?” பிளம்பரின் குரல் உயரவில்லை. “இந்த வருஷம் மட்டும் பதினோரு தடவ இந்த ஸ்கூலுக்கு வந்திருக்கேன் சார். உங்க ரூமுக்குள்ள போற குழாயவே ரெண்டு தடவ மாத்தியிருக்கேன். அந்த ஸ்டூல்ல ஏறி நின்னு, உங்களுக்கு நேரா. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

இதற்கு எந்த மனிதனும் தலையைக் குனிவான். சுற்றறிக்கை சார் குனியவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “அது நீங்க குழாய் சம்பந்தமா வந்தது. பெற்றோர்ங்கற முறையில வரல.”

 பிளம்பர் சுவரில் இருந்த பச்சை அட்டையைப் பார்த்தார். தன் பெயரைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரம் ஆகவில்லை. ஏழாம் வகுப்புக்குச் சிவப்பு மை. “நாலு மாசமா என் பொண்ணு போர்டு தெரியாம உக்காந்திருக்கா. அதுக்கு நீங்க என் பேர எழுதி மாட்டி வெச்சிருக்கீங்க” என்றார். அட்டையைக் கிழிப்பார் என்று எதிர்பார்த்தேன். கிழிக்கட்டும் என்றும் இருந்தது. அவர் கிழிக்கவில்லை. ஆணியிலிருந்து கழற்றி, கையில் எடுத்துக்கொண்டு நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

தலைமையாசிரியை கெட்டவர் அல்ல. வேலை அதிகம், காது குறைவு, அவ்வளவுதான். ஈரத்தாள் மேசையெல்லாம் சொட்டியதில் அவருக்குக் காது திறந்தது. “என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க” என்றார்.

“எங்களக் கூப்பிடறதுக்கு முன்னாடி, எங்களால எப்ப வரமுடியும்னு யாராவது கேட்டீங்களாம்மா?”

 கேட்டிருந்தால்தானே சொல்வதற்கு.

மகளை வரவழைத்தார்கள். எதற்காகக் குழாயில் போட்டாய் என்றதற்கு, “கண்ணாடி போட்டா எல்லாரும் சோடாபுட்டின்னு கூப்பிடுவாங்க” என்றாள். பிளம்பருக்கு அடிக்கக் கை வரவில்லை. “என்கிட்ட சொல்லியிருக்கலாமே கண்ணு” என்றார். “நீ என்கிட்ட பேசவே மாட்டேங்கறியேப்பா. வந்ததும் தூங்கிடற” என்றாள் அவள். அந்த அறையில் எங்கள் எல்லாருக்கும் அடி கிடைத்தது அன்றைக்கு. திங்கட்கிழமை அந்தப் பெண் கண்ணாடியோடு வந்தாள். சோடாபுட்டி என்று யாரோ கூப்பிடவும் செய்தார்கள். அதைவிடக் கூர்மையான ஒரு பெயரை அவள் திருப்பிக் கொடுத்தாள் என்று கேள்வி. கணக்கில் அவள் பெரிய மேதாவி ஆகிவிடவில்லை. ஆனால் தப்பெல்லாம் அவளுடைய சொந்தத் தப்பாக இருந்தது.

சுற்றறிக்கை சார் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? அந்த வெள்ளிக்கிழமை மாலையே ஒரு சுற்றறிக்கை தயாரித்தார். பொருள்: வடிகுழாய்களில் சுற்றறிக்கைகளை இடுவதைத் தவிர்த்தல் தொடர்பாக. பெற்றோர் கவனத்துக்கு. அதையும் பிள்ளைகள் கையில்தான் கொடுத்தனுப்பினார்.

தலைமையாசிரியை பிரிண்டர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். இனி ஒவ்வொரு வீட்டுக்கும் போனில் பேசவேண்டும், முதல் தடவை பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை மட்டும்தான் சொல்லவேண்டும் என்று உத்தரவு. சுற்றறிக்கை சார் போனைக் காதில் வைத்தார். தொண்டையைச் செருமினார். “மதிப்பிற்குரிய பெற்றோர் அல்லது காப்பாளர் அவர்களுக்கு, தங்கள் பிள்ளையின் கல்விசார் முன்னேற்றம் தொடர்பாக...” என்று ஆரம்பித்தார். பதிவு செய்த விளம்பரம் என்று நினைத்து எதிர்முனையில் வைத்துவிட்டார்கள். அடுத்த எண். அதுவும் அப்படியே. மூன்றாவதில் ஒருவர் நம்பரை பிளாக் செய்துவிட்டார். நாள் முழுக்க இருபத்தாறு வீடு. ஒருவரும் இரண்டாவது வாக்கியம் வரை தாங்கவில்லை. சாயங்காலம் என்னிடம் வந்து, “பாத்தீங்களா டீச்சர், மரியாதையா பேசினா மதிக்க மாட்டேங்கறாங்க” என்றார்.

அடுத்த நாள் கேட் அக்காவிடம் போன் போயிற்று. அனுப்பியது தலைமையாசிரியை, யோசனை சொன்னது பிளம்பர். அக்கா முக்காலியில் உட்கார்ந்து, எண்ணை அழுத்தி, ஊருக்கே கேட்கும்படி பேசினார்: “யாரு, அவன் அம்மாவா? ஏம்மா, பதறாத, ஒண்ணும் ஆகல. கேட்ல நிப்பேன்ல, அந்த அக்கா பேசறேன். உன் பையன் இன்னிக்கு ஆறாங்கிளாஸ் பொடியன் ஒருத்தனுக்கு செருப்பு அறுந்துபோச்சுன்னு தன் செருப்பக் குடுத்துட்டு வெறுங்காலோட வரான். வந்ததும் திட்டிடாத. அதான் சொல்லலாம்னு கூப்டேன்.”

எதிர்முனையில் அந்த அம்மா என்ன சொன்னாரோ, அக்கா சிரித்தார். பிறகு, “சரி, உனக்கு எத்தன மணிக்கு ஷிப்ட் முடியும்?” என்று கேட்டார். எட்டு வருடமாக அந்த அலுவலர் கேட்காத கேள்வி. ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த நோட்டை வைத்துத்தான் கூட்டத்தின் நேரம் மாறியது. கூடம் வேண்டாம், மேடை வேண்டாம், மைக் வேண்டவே வேண்டாம். மாலை ஐந்தே முக்காலுக்கு, தொழிற்சாலை விட்டு வருகிறவர்கள் கடந்துபோகிற நேரத்தில், கேட்டுக்கு உள்ளே நாலு பெஞ்சு. வேலை உடையோடு வரலாம், கைக்குழந்தையோடு வரலாம், பத்து நிமிடம் பேசிவிட்டுப் போகலாம். முதல் வாரம் முப்பத்தைந்து பேர். இரண்டாம் மாதம் பெஞ்சு போதவில்லை. முன்பு நீல மேலங்கியோடு வந்து அழுத அந்த அம்மா, தன் அடுத்த பிள்ளைக்காக வந்தார். அவரிடம் நான் கணக்கைப் பற்றிப் பேசவில்லை. அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கே அது புதிது. எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். கடைசி வரைக்கும் எட்டிப் பார்க்காத வீடுகளும் இருந்தன. ஆனால் அவற்றின் பெயரை யாரும் அட்டையில் எழுதவில்லை.

ஆண்டறிக்கையை எழுதியவர் சுற்றறிக்கை சார். “இவ்வலுவலகத்தின் எட்டாண்டு கால இடைவிடாத முயற்சியின் விளைவாக, பெற்றோர் பங்கேற்பு ஏழு மடங்கு உயர்ந்துள்ளது” என்று எழுதினார். கேட் அக்காவைப் பற்றி ஒரு வரி இல்லை. ‘கடைநிலை ஊழியரின் ஒத்துழைப்பு’ என்று ஒரு சொற்றொடர் இருந்தது. மேலிடத்தில் அறிக்கையைப் படிப்பவர்கள் அறிக்கையை மட்டும்தானே படிப்பார்கள்? எல்லாப் பள்ளிகளுக்கும் குடும்பத் தொடர்பு எப்படி நடத்துவது என்று வழிகாட்டும் குழுவுக்கு அவரை உறுப்பினராக்கிவிட்டார்கள். இனி அவர் எழுதினால் நூறு பள்ளிக்குப் போகும். குழாய்களை நினைத்துக்கொண்டேன்.

வழியனுப்பு விழா வைத்தோம். ஒழிந்தது என்ற மகிழ்ச்சியில் எல்லாரும் தாராளமாகக் கைதட்டத் தயாராக இருந்தோம். விழா தொடங்கும்போது முன்வரிசையில், யாருக்கும் தெரியாத ஓர் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தார். சுற்றறிக்கை சாரின் மனைவி. அவர் சொல்லி வரவில்லை. கேட் அக்கா அலுவலகத்தில் நம்பர் வாங்கிக் கூப்பிட்டிருக்கிறார்.

பக்கத்து நாற்காலி என்னுடையது. அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: “இனிமே இவருக்குக் கிளாஸ் எடுக்கற வேலை இருக்காதுல்ல? இத்தன வருஷமா பசங்களுக்குக் கத்திக் கத்தி தொண்ட போயிருக்குமேன்னு நெனப்பேன்.”

எட்டு வருடமாக அவர் வகுப்பே எடுப்பதில்லை என்று எப்படிச் சொல்வது? “நல்லாத்தான் இருக்காரு, கவலப்படாதீங்க” என்றேன்.

அப்போதுதான் அவர் மேடையிலிருந்து மனைவியைப் பார்த்தார். வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்த பார்வை அது. அழுத அம்மாவைப் பார்த்த அதே பார்வை. கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்ப் பேனாவைத் தொட்டது. வீட்டிலும் இப்படித்தானா என்று தோன்றியது. இருபது வருடமாகக் குடும்பம் நடத்துகிற பெண்ணைக் கண்டால்கூட இந்தக் கல்லுக்குப் பயம்தானா என்று நினைத்தபோது எனக்கு அவர்மேலேயே இரக்கம் வரப்பார்த்தது. நெஞ்சுக்குழி வரைக்கும் வந்துவிட்டது என்று சொல்லலாம்.

அவர் தாளை எடுத்து ஏற்புரையை வாசித்தார். குடும்பமும் பள்ளியும் இரு கண்கள் என்றார். முதல் பத்தி முடிந்து அவர் மூச்சு வாங்கியபோது, பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து அந்த அம்மா முதல் ஆளாகக் கைதட்டினார். முகமெல்லாம் பெருமை.

சுற்றறிக்கை சார் தாளிலிருந்து கண்ணை எடுத்தார்.

“இன்னும் முடியல” என்றார், மைக்கில். “பார்வையாளர்கள் இறுதியில் மட்டும் கைதட்டினால் போதும்.”

அந்த அம்மாவின் கைகள் மடிக்கு இறங்கின. வந்த இரக்கம் வந்த வழியே போய்விட்டது. நான் அந்த அம்மாவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, அவர் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று சத்தமாகவே விசாரிக்க ஆரம்பித்தேன்.